பிள்ளையிடம் சொல்லியனுப்பிய பேச்சு

என் மகளுக்கு மூன்று வயது ஆகப்போகும்போதும் ஒரு சொல் வரவில்லை. அம்மை என்று இல்லை, அப்பா என்று இல்லை, வேணும் வேண்டாம் எதுவும் இல்லை. பசித்தால் என் சேலையைப் பிடித்து அடுக்களைக்கு இழுப்பாள். பிடிக்காத சோற்றை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்வாள். காது நன்றாகவே கேட்டது. தொழுவத்தில் பசு தலையை ஆட்டிக் கழுத்துமணி கிலுங்கினால் எந்த மூலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு மட்டும் இல்லை. பிறந்த வீட்டில் வாயாடி என்று பேரெடுத்த எனக்கு இப்படி ஒரு பிள்ளை.

நான் தோவாளைக்காரி. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து நூறு வயசு என்று குரல் வரும். காலையில் பறித்து வந்த பிச்சியையும் அரளியையும் நடுவில் குவித்துவிட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தால், கை பாட்டுக்குப் பூக்கட்டும், வாய் பாட்டுக்கு ஊர் சுற்றும். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மாப்பிள்ளை வழுக்கையை மறைக்கத் தலைப்பாகையோடு பெண் பார்க்க வந்தான் என்பதெல்லாம் அங்கேதான் விசாரணைக்கு வரும். அந்தக் கூட்டத்தில் வயதில் சிறியவள் நான், குரலில் பெரியவள். "இவளைக் கட்டுறவன் காதுல பஞ்சு வச்சிட்டுத்தான் படுக்கணும்" என்பாள் என் அம்மை.

சுதந்திரம் வந்ததற்கு மறுவருஷம் என்னை மேற்கே, திற்பரப்புப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே தெரு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வீடும் தன் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவில் தனியாக நிற்கும். சுற்றிலும் கமுகு, பலா, மரச்சீனிக் கிழங்கு. பக்கத்து வீடு என்பது மரங்களுக்கு மேலே தெரிகிற அடுப்புப்புகை மட்டும்தான். மழைக்காலத்தில் அருவியின் இரைச்சல் விடாமல் கேட்கும். வந்த புதிதில், ஏதோ கூட்டம் பேசிக்கொண்டு வருகிறது என்று நினைத்து முற்றத்தில் போய் நின்றிருக்கிறேன்.

கணவருக்குத் திருவனந்தபுரத்தில் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு நாள் இருப்பார். மாமியார் நான் வருமுன்பே காலமாகிவிட்டார். மீதி இருந்தது மாமனாரும் நானும் ஒரு பசுவும்.

மருமகள் மாமனார் முன்னால் வாய் திறக்கக்கூடாது, அவரும் அவளிடம் நேராகப் பேசமாட்டார். எங்கள் ஆட்களிடம் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். தோவாளையில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, ஏனென்றால் பேசுவதற்கு வீடு நிறைய வேறு ஆட்கள் இருந்தார்கள். இங்கே ஆள் இல்லை. அதனால் மாமனார் பசுவிடம் பேசினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொழுவத்துப் பக்கம் திரும்பி நின்று, "நாளைக்குக் கிழங்கு பிடுங்க நாலு ஆளு வருது. கஞ்சி கூடுதலா வைக்கணும்" என்று அதனிடம் சொல்லுவார். பசு அசை போட்டுக்கொண்டிருக்கும். நான் மறுநாள் கஞ்சி கூடுதலாக வைப்பேன். என் பக்கத்துப் பதில்கள் பாத்திரத்தின் வழியாகப் போகும். மூடியைத் தட்டினால் கஞ்சி ஆயிற்று என்று பொருள். கல்யாணமான முதல் இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். நான் காய்ச்சலில் படுத்தபோது அவரே கஞ்சி வைத்து, நான் படுத்திருந்த அறைக்கு வெளியே கிண்ணத்தை வைத்துவிட்டு, இரண்டு தடவை செருமிவிட்டுப் போனார். ஆனால் செருமலோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது? ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகும்போது வழியில் யாரும் இல்லை என்றால் நானே எனக்கு ஏதாவது சொல்லிக்கொண்டு போவேன். பிறகு அதுவும் நின்றுபோனது. கேட்க ஆள் இல்லாமல் என் வாய் தூர்ந்துபோய்விட்டது.

மகள் பிறந்ததும் பசுவுக்கு விடுதலை கிடைத்தது. தொட்டிலில் கிடக்கும்போதே மாமனார் அவளிடம் ஆரம்பித்துவிட்டார். "மக்ளே, பாட்டா சந்தைக்குப் போறேன், உப்பு வேணுமான்னு உனக்க அம்மைட்ட கேளு." நானும் தாழ்ந்த குரலில் அவளிடம் சொல்லுவேன்: "மக்ளே, உப்பு இருக்கு, மல்லிதான் இல்லன்னு பாட்டாட்ட சொல்லு." அவர் மல்லி வாங்கி வருவார். எனக்கு அதுவே பெரிய சுகமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்குள் என் குரலை நானே கேட்டேன். பிள்ளை வந்து வீட்டில் பேச்சு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பேச்சில் ஒன்றுகூடப் பிள்ளைக்கு இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

என் கணவரின் கடிதங்களும் அப்படித்தான். அஞ்சலில் வருகிற கடிதம் மாமனார் பெயருக்கு வரும். கட்டிய மனைவிக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது அந்தக் காலத்தில் வெட்கக்கேடு. மாமனார் படித்துவிட்டுக் கூரை எரவாணத்தில் செருகி வைப்பார், அவர் விளைக்குப் போனதும் நான் எடுத்துப் படிப்பேன். எல்லாரும் சுகம்தானே என்று எழுதியிருப்பார். அந்த எல்லாரும் என்பதற்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடுவேன்.

ஒரு வயதில் பேசவேண்டிய பிள்ளை பேசவில்லை. சிலதுகள் தாமதிக்கும் என்று விட்டோம். இரண்டு வயது ஆனது. கிழங்கு பிடுங்க வந்த ஒருத்தி, "இந்தப் பிள்ள பறையாதா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். நான் அவள் கஞ்சியில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினேன். கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டேன். மகள் வசம்பின் காரத்துக்கு முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான்.

மூன்றை நெருங்கியபோது கணவர் தன் தகப்பனாருக்கு எழுதினார், பிள்ளையை வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று. மாமனார் முன்னே நடக்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பத்தடி பின்னால் நடந்தேன். இரண்டு மைல். வைத்தியர் நல்ல மாதிரியான ஆள். பிள்ளையைப் பலகையில் உட்காரவைத்து, "உனக்க பேரு என்ன மக்ளே?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் இன்னொரு தடவை கேட்டார். மறுபடியும் திரும்பினாள். வைத்தியர் அவள் வாயைத் திறக்கவைத்து விரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். நாக்கின் அடிநரம்பு கட்டியிருக்கிறது, கொஞ்சம் கீறிவிட்டால் பேச்சு வந்துவிடும், வருகிற வெள்ளிக்கிழமை கொண்டு வாருங்கள் என்று மாமனாரிடம் சொன்னார். கீறுவது என்றால் எதைக்கொண்டு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவர் பலகைக்குப் பக்கத்தில் துணி சுற்றிய சின்னக் கத்தி ஒன்று இருந்தது. வீடு வரும்வரை என் கண்ணுக்கு முன்னால் அதுதான் நின்றது.

மறுநாள் காலை கஞ்சி குடித்து முடித்ததும் மாமனார் துவர்த்தால் வாயைத் துடைத்துக்கொண்டார். மகள் அவர் காலடியில் உட்கார்ந்து கமுகம்பாளையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன்.

"மக்ளே," என்றார் அவளிடம், "வாற வெள்ளிக்கிழமை வைத்தியர் வீட்டுக்குப் போவணும். உனக்க நாக்கைக் கீறி விடுவாவ. அண்ணைக்கு விடியக்காலம் பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்காண்டாம்னு உனக்க அம்மைட்ட சொல்லு."

தன் நாக்கைக் கீறப்போகும் சேதியைத் தன் அம்மையிடம் சொல்லச்சொல்லி அவளிடமே சொல்கிறார். அவள் பாளையைக் கீழே வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பயமில்லை, ஒன்றுமில்லை. உனக்குத்தான் ஏதோ சொல்கிறார்கள், கேட்டுக்கொள் என்பது போன்ற ஒரு பார்வை. பார்த்துவிட்டு மறுபடியும் பாளையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் பொட்டில் அறைந்தது. வைத்தியர் பேர் கேட்டபோதும் இப்படித்தான் திரும்பினாள். கிழங்கு பிடுங்க வந்தவள் கொஞ்சியபோதும் இப்படித்தான். பிறந்த நாள் முதல் அவளிடம் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் பின்னால் நிற்கிற வேறொரு ஆளுக்குப் போனது. அவள் வாய் திறக்குமுன்பே வேலை நடந்து முடிந்துவிடும். உப்பு கேட்டால் உப்பு வரும், மல்லி கேட்டால் மல்லி வரும். இதில் இவள் எதற்குப் பேசவேண்டும்? உலகத்தில் ஒரு சொல்லும் தனக்கானது இல்லை என்று என் பிள்ளை மூன்று வருஷமாகத் தெளிவாகப் படித்து வைத்திருக்கிறாள். படிப்பித்தது நாங்கள் இரண்டு பேரும். அவளை நாங்கள் அஞ்சல்பெட்டியாக்கி வைத்திருந்தோம்.

மாமனார் எழுந்து படியில் கால் வைத்தார். போனால் இனிச் சாயங்காலம்தான் வருவார், வந்தாலும் பிள்ளையிடம்தான் சொல்லவேண்டும். நான் வாசலைத் தாண்டி முன்னால் வந்துவிட்டேன்.

"மாமா, நாக்கைக் கீற வேண்டாம்" என்றேன்.

ஐந்து வருஷத்துக்கு மேல் அவருக்குச் சோறு போட்ட நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. அவர் அடிபட்ட மாதிரி நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளைக்க நாக்குல ஒண்ணுமில்ல மாமா. நம்ம ரெண்டு பேரும் அதுக்கிட்ட..." என்று தொடங்கினேன். அதற்குள் அவர் துவர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் பேச்சை நிறுத்தினார். பிள்ளையிடமும் இல்லை, பசுவிடமும் இல்லை. மூடியைத் தட்டினால் வந்து கஞ்சி குடிப்பார், கையைக் கழுவிக்கொண்டு போவார். மருமகள் எதிர்த்துப் பேசினாள் என்று மகனுக்கு எழுதுவாரா, என்னைத் தோவாளைக்குக் கொண்டுவிடுவாரா என்று நினைத்துப் பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வெளுத்த வேட்டியும் மேல்துண்டுமாக முற்றத்தில் வந்து நின்றார். கூப்பிடவில்லை. வடக்கே வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். ஒண்ணும் குடுக்காண்டாம் என்று சொல்லியிருந்தாரே, அதனால் வேண்டுமென்றே அவளுக்கு ஒரு பெரிய ஏத்தன்பழத்தை உரித்து ஊட்டினேன். வெயில் முற்றத்தில் பாதிவரை வந்தது. செருமினார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை செருமினார். கொஞ்ச நேரம் கழித்துக் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் வேட்டியை மாற்றிக்கொண்டு விளைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நாக்கு தப்பியது. இனிப் பேச்சு வராவிட்டால் முழுப்பழியும் எனக்குத்தான். கீறவிட்டிருந்தால் வந்திருக்குமே என்று ஆயுசுக்கும் சொல்லுவார்கள். சரியாகப் பார்த்தேனா, இல்லை கத்திக்குப் பயந்து ஒரு காரணத்தை ஜோடித்துக்கொண்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அன்று மத்தியானம் முதல் அவளிடம் பேச உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் ஓடவில்லை. என்ன பேசுவது? பெற்ற பிள்ளையிடம் மூன்று வருஷமாக உப்பையும் மல்லியையும் தவிர நான் எதுவும் பேசியதில்லை. "மக்ளே" என்றேன். திரும்பிப் பின்னால் பார்த்தாள். இடத்தை மாற்றி உட்கார்ந்தேன், அப்போதும் திரும்பினாள். கடைசியில் அவளை அறையின் மூலையில், முதுகு சுவரில் முட்டும்படி உட்காரவைத்து, முட்டோடு முட்டு இடிக்க எதிரில் உட்கார்ந்துகொண்டேன். "மக்ளே" என்றேன். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சுவரில் யாரும் இல்லை. மறுபடியும் என்னைப் பார்த்தாள். குழம்பிப்போய்விட்டாள் பாவம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தினமும் மத்தியானம் அந்த மூலைதான். தோவாளையைப் பற்றிச் சொன்னேன். பிச்சி எப்படி வாடும், வாடாமல்லி ஏன் வாடாது, எங்கள் தெருவில் பூ எடுக்க வருகிற வண்டிக்காரர் எப்படி மாட்டோடு சண்டை போடுவார் என்று நடித்துக் காட்டினேன். அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இரண்டு நாளைக்கு வந்து ஒன்றரை நாள் தூங்குகிறவர் என்று சொன்னேன். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் எப்படி அழுதேன் என்று சொன்னேன். மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்கிற கதையா அதெல்லாம்? எனக்கு வேறு யார் இருந்தார்கள்? ஒரு கட்டத்தில் அவளுக்காகப் பேசுகிறேனா எனக்காகப் பேசுகிறேனா என்று தெரியவில்லை. வெளியே மாமனார் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்குகிற சத்தம் சில நாள் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

இரண்டு வாரம் போனபின் அவள் திரும்பிப் பார்ப்பது நின்றது. பிறகு ஒரு நாள், வண்டிக்காரர் கதை நடுவில் நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "ம்" என்றாள். கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற ம். காதில் விழுந்தது சரிதானா என்று அசையாமல் இருந்தேன். "ம்" என்றாள் மறுபடியும், கொஞ்சம் அதட்டலாக. நான் மேலே சொன்னேன். நாலு நாள் அந்த ஒரு ம்மை வைத்தே காலத்தை ஓட்டினோம். ஐந்தாம் நாள் நான் நிறுத்தியதும் என் முட்டில் கையை வைத்து, "பொறவு?" என்றாள்.

பிற பிள்ளைகளுக்கு முதல் வார்த்தை அம்மை என்று வரும், காக்கா என்று வரும். என் பிள்ளைக்குப் பொறவு. தோவாளையை விட்டு வந்த நாள்முதல் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பொறவு என்ன ஆச்சு என்று கேட்க எனக்கு ஒரு ஆள் வந்துவிட்டது. வண்டிக்காரரும் மாடும் அன்று நடு வழியில் நின்றுபோனார்கள், என்னால் மேலே சொல்ல முடியவில்லை.

அடைபட்டுக் கிடந்தது திறந்த பிறகு கேட்கவேண்டுமா. ஒன்றிரண்டு மாதத்தில் கோழியை விரட்டினாள், பசுவைத் திட்டினாள், எனக்குக் கட்டளை போட்டாள். மாமனாரிடமும் தானாகப் போனாள். "பாட்டா, தா", "பாட்டா, வா" என்று அவர் பின்னாலேயே விளைக்கு நடப்பாள். அவர் அவளுக்குப் பதில் சொல்லுவதைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு சொல், இரண்டு சொல். என்னிடம் மட்டும் செருமல்கூட இல்லை.

தீபாவளிக்கு முன்னால் கணவரின் கடிதம் ஒன்று வந்தது. மாமனார் படித்து எரவாணத்தில் செருகிவிட்டு முற்றத்துக்குப் போனதும் எடுத்துப் படித்தேன். கோட்டயத்துக்கு மாற்றிவிட்டார்கள், மூன்று மாதத்துக்கு வரமுடியாது என்று எழுதியிருந்தார். பிள்ளை இப்போது நிறையப் பேசுகிறாளாமே, சந்தோஷம் என்றிருந்தது. அப்பாவின் முட்டுவலியை விசாரித்திருந்தார். பசு சினைபிடித்ததா என்று கேட்டிருந்தார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பசுவைக்கூட விசாரிக்கத் தோன்றியிருக்கிறது. நான் அடுக்களை நிலையில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அடக்கி அழவில்லை, வாய்விட்டே அழுதேன்.

மகள் வந்து என் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முற்றத்துக்கு ஓடினாள். யாரும் சொல்லியனுப்பாமல் அவள் கொண்டுபோன முதல் சேதி அது. "பாட்டா, அம்மை கரையுதா."

மேற்கே அழுவதைக் கரைவது என்பார்கள்; கரையுதா என்றால் அழுகிறாள். அவர் வந்தார். நான் நிற்கும்போது அடுக்களை வாசலுக்கு ஒருநாளும் வராத மனிதர் அங்கே வந்து நின்றார். நான் எழுந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு பழைய வழக்கம் தானாக வந்துவிட்டது போல, அவர் குனிந்து பிள்ளையிடம், "எதுக்குக் கரையுதான்னு உனக்க அம்மைட்ட கேளு மக்ளே" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவரையே அண்ணாந்து பார்த்து, "நீ கேளு" என்றாள்.

நிலையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "எதுக்கு மோளே கரையுத?" என்று கேட்டார். இந்தத் தடவை அவர் குனியவில்லை. கேள்வி எனக்குத்தான்.

அந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. சொல்லுவதற்கு என்னிடம் என்னவெல்லாம் இருந்தது! மூலையில் உட்கார்ந்து ஒரு குழந்தையிடம் கொட்டினேனே, அதில் பாதியையாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்கத்தான் வந்து நின்றார், இன்று நினைத்தாலும் அது எனக்கு நிச்சயம். வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விளைக்குப் போனார்.